ஜி முதல் எம் வரை

சீனக்குடாவில் கப்பல் கட்டிய அன்று
நாலாம் மாதிரிச் சாக்கோடு சேர்த்து
மாலுமி ஒருவன் தந்துவிட்டுப் போனான் அதை.
உணவறை மேசையின் நொண்டிக் காலுக்குப்
பதினொரு மாதம் முட்டுக்கொடுத்த புத்தகம்.
அட்டையில்லை. முதுகில் மட்டும் தேய்ந்த பொன்னெழுத்து:
வட அமெரிக்க எழுத்தாளர்கள், வாழ்வும் பணியும்,
ஜி முதல் எம் வரை.

ஏ முதல் எஃப் வரைக்கும் உள்ளவர்கள்
எந்தக் கடலில் எந்த மேசையைத் தாங்குகிறார்களோ.

எனக்கு வேலை கோதுமையின் ஈரம் பார்ப்பது.
கிண்ணத்தில் அள்ளி, அரைத்து, சூட்டில் வைத்து,
பன்னிரண்டு தசம் எட்டு என்று சீட்டில் எழுதுவது.
திருகோணமலை தின்னும் பாணும் ரொட்டியும்
முதலில் என் விரலிடுக்கால் கசிந்துதான் போகும்.
இரவுக் கடமையில், அடுப்பு ஆறும்வரை,
அந்நியரின் ஆயுளை வாசிப்பேன்.

எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள்.
பிறந்தார். தகப்பன் போதகர், அல்லது குடிகாரர்,
சிலருக்கு இரண்டும்.
ஒருவன் குதிரை லாயத்தில் படுத்துக்கொண்டு நாவல் எழுதினான்,
காசு வந்ததும் லாயத்தையே வாங்கினான்,
பிறகு ஒரு வரி வரவில்லை.
மெக்சிக்கோவில் ஒருத்தி, தபாற்கந்தோர்க்காரி,
போய்ச் சேராத கடிதங்களுக்குத் தானே பதில் எழுதி
மூன்று தொகுதி ஆக்கினாள். வழக்குப் போட்டார்களாம்.
வென்றாளா தோற்றாளா என்ற இடத்தில்
பூச்சி தின்ற ஓட்டை.

கே-யில் இருந்தாள் எல்டா கோர்ஸ்விக்.
சஸ்காச்சுவான். வானமும் கோதுமையும்.
தானியக் களஞ்சியத்தில் நிறுவை எழுதும் வேலை.
என் வேலைக்கு அக்கா முறை.
நிறுவைச் சீட்டின் பின்புறத்தில் கவிதை எழுதினாள்,
ஆகையால் எல்லாக் கவிதையும் நாலு விரற்கடை அகலம்.
விமர்சகர்கள் அதைச் சொற்சிக்கனம் என்றார்களாம்.
சீட்டு சின்னது, ஐயா. அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வரி அவளுக்கு.
அதில் ஏழு வரி புருஷனுக்கும் அவன் உழவு இயந்திரத்துக்கும்.
பிறகு இப்படி ஒரு வசனம்:
அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் எதுவும் வெளியிடவில்லை.
முற்றுப்புள்ளி.
அடுத்த வசனத்தில் பரிசு கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
பத்தொன்பது அறுவடை இருக்கவேண்டும் அதற்குள்,
கிணறு உறைந்த மாரி, வங்கிக் கடன்,
பிள்ளையின் நனைந்த சப்பாத்து,
பின்புறம் வெள்ளையாகவே போன ஆயிரம் சீட்டு.

எனக்கும் உண்டு அப்படி ஒரு புள்ளி.
தொண்ணூறில் கவிதைக் கொப்பியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு
நிலாவெளிப் பாதையால் நடந்தோம்.
திரும்பி வந்தபோது கூரை இல்லை.
பானை இருந்தது. யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
யார் என்று நான் எழுதவில்லை.
வேறெதுவும் எழுதவில்லை.

"நல்லா எழுதுவாளா மனிசி?" என்றாள் நஸ்லியா,
கிண்ணியாவிலிருந்து வருபவள், சல்லடைப் பக்கம் வேலை.
தேடிப் பார்த்தோம் இருவரும்.
பிறந்த ஊர், பரிசுத் தொகை, ஈரல் நோய்,
அடக்கம் செய்த மயானத்தின் பெயர்கூட இருந்தது.
அவள் எழுதிய ஒரு வரி இல்லை.
"வாழ்வும் பணியும் எண்டு போட்டிருக்கே!"
நஸ்லியாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.
கடையில் நிறை குறைத்தால் வருமே, அந்தக் கோபம்.

நாலரைக்குக் கடைசி மாதிரி. பன்னிரண்டு தசம் ஆறு.
சீட்டைத் திருப்பினேன்.
"அதில கிறுக்காதையுங்கோ, ஓடிட்டர் பாப்பார்."
பென்சிலால்தான், என்றேன்.

விடியப் பஸ்ஸால் இறங்க, நிலையத்தடியில்
மான் ஒன்று பாண் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.
தின்று முடித்து என் கையைப் பார்த்தது.
நான் பொத்திக்கொண்டேன்.